மூன்றாவது கம்பெனி

1
நாய்க்குட்டி வாங்கப் போன இடத்தில் இந்தக் கதை கிடைத்தது. இங்கிலாந்தில் எங்கள் வில்ட்ஷயர் கிராமத்துப் பிரபு குடும்பத்தில் மிஞ்சியிருப்பவள் லெட்டிஸ் சீமாட்டி. ஷெர்ரி ஒயினை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் சண்டையில செத்தவங்க. ஆப்ரி சித்தப்பா ஒருத்தர்தான் பொழைச்சு வந்து மானத்தை வாங்கிட்டார்."

2
'பிரபுவின் இரண்டாவது மகன் ஆப்ரி தோர்ன்லி, நடக்கப் பழகும் முன்பே குதிரை ஏறி…' (வேண்டாம். எல்லாப் பிரபுவும் இப்படித்தான் தொடங்குகிறார்.)

'தென்னாப்பிரிக்கப் போரில் தோளில் குண்டும் மார்பில் பதக்கமும் வாங்கி…' (உண்மைதான். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை.)

நேராக பிரான்ஸ். 1916, நண்பகல். கர்னல் ஆப்ரி பதுங்குகுழியில் தொலைபேசியைப் பிடித்தபடி நிற்கிறார். காலையில் இரண்டு கம்பெனி சிப்பாய்களை எதிரே உள்ள மேட்டுக்கு அனுப்பினார். எதிரியின் முள்கம்பி அறுபட்டிருக்கவில்லை. போனவர்கள் அதில் தொங்குகிறார்கள். சிலர் இன்னும் தண்ணீர் கேட்கிறார்கள்.

மறுமுனையில் பிரிகேடியர் ஹ்யூகோ ஹாலம், ஆப்ரியின் தங்கை கணவர்.

"மூணாவது கம்பெனியையும் ஏத்து, மச்சான்."

"கம்பி அப்படியே இருக்கு, ஹ்யூகோ."

"பீரங்கி அறுத்தாச்சுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்களே."

"அந்த எல்லாரையும் இங்க வந்து ஏறச் சொல்லு."

3
இங்கே எனக்கு ஆப்ரி மேல் சந்தேகம் வருகிறது. காலையில் அனுப்பியவரும் இவர்தானே? அப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை? இது இரக்கமா, பயமா? (பயம் என்று எழுதி அடித்தேன். மறுபடி எழுதினேன். பயமும் இருந்தது.)

சார்ஜென்ட் டக்கெட் எட்டிப் பார்த்தார். "தொரை, பசங்க ஏணிகிட்ட ரெடி. மேல ஏற விசில் எப்போன்னு கேக்கறாங்க."

"விசில் கிடையாது." பிறகு தொலைபேசியில்: "அனுப்ப மாட்டேன், ஹ்யூகோ."

மறுமுனையில் ஹ்யூகோ குரலைத் தாழ்த்தினார்.

"உங்கப்பா முகத்துல எப்படி முழிப்பே?"

"முழிச்சுக்கறேன்."

"உன் பதவி போச்சு. உனக்கு அடுத்த ஆள் பாஸ்க்கைக் கூப்பிடு."

4
லெட்டிஸுக்குப் பிடித்திருக்கக்கூடிய முடிவு: ஆப்ரி தானே ஏணியில் ஏறி, எல்லோருக்கும் முன்னால் ஓடி விழுகிறார். எழுதினேன். அழகாக வந்தது. கிழித்துவிட்டேன்.

அவர் வீடு திரும்பினார். சாகும்வரை அப்பா அவரோடு பேசவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், உப்பைக்கூட வேலைக்காரன் வழியாகத்தான் கேட்டார்கள்.

5
ஆனால் கேப்டன் பாஸ்க்கை என்ன செய்வது? அவர் மளிகைக்கடைக்காரர் மகன். அவருக்குப் பரிந்து பேசப் பிரபு எவரும் இல்லை. மறுத்தால் ராணுவ விசாரணை, அதற்குமேல் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

மீண்டும் பதுங்குகுழி. ஆப்ரி ரிசீவரை நீட்டினார். "நீ என்ன முடிவெடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்."

"நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க, சார்," என்று சொல்லி பாஸ்க் வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்ன பதில் லெட்டிஸுக்குத் தெரியாது. அவள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் இரண்டு விதமாகவும் எழுதிவிட்டேன். ஒன்றில் விசில் ஒலிக்கிறது. இன்னொன்றில் பாஸ்க்… (இல்லை. உங்களுக்குக் காட்டப்போவதில்லை. எதைத் தேர்ந்தாலும் நான் பத்திரமாக வீட்டில் உட்கார்ந்திருப்பவன்.)

ஏணியடியில் நிற்பவர்கள் பாஸ்க்கின் வாயையே பார்க்கிறார்கள். இப்போது பாஸ்க்கின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

"பாஸ்க்? லைன்ல இருக்கியா?"