சரசாவின் முகத்தோடு போனவர்கள்

கோவில்பதாகையில் சரசாவின் வீட்டுச் சுவரிலிருந்து முகமில்லாதவர்கள் வரத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்தில். கூடத்தில் நெட் பெட்டிக்குக் கீழே முளைத்து, வாசல் வழியாக வெளியே போனார்கள். போகும்போது ஒவ்வொருவருக்கும் சரசாவின் முகம் இருந்தது, மூக்குத்தி உட்பட. யார் வந்தாலும் சொல்லும் பழக்கத்தில் முதல் ஆளிடம் அவள் "வாங்க" என்று சொல்லித் தொலைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து திரும்பிய கணவர் ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கால் கழுவினார்.

நெட் இணைப்புப் பார்க்கும் ஜஸ்டின்தான் விஷயத்தைச் சொன்னான். "ஓசில சீரியல் பாக்க ஒரு ஆப் போட்டீங்கல்லக்கா, அந்த ஆப்காரன் உங்க ஊட்டு நெட் அட்ரஸை வாடகைக்கு உட்டுக்கீறான். இதுங்கல்லாம் மெஷினு. கடைக்காரன் வெப்சைட்ல பூந்து வெலையெல்லாம் அள்ளிகினு போவும். நேரா போனா தொரத்துவான். சரசாக்கா ஊட்லேர்ந்து வர்றேன்னா உட்ருவான்."

ஆப்பை அழித்துவிட்டுப் போனான். அவர்கள் நிற்கவில்லை. வாங்க என்று சொல்லியாயிற்றே.

இணையதளக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? வந்த சரசாக்களிடம் முதலில் சிக்னல் விளக்குப் படங்களைக் காட்டித் தொடச் சொன்னார்கள். பிறகு பொய் விலை சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் அந்த முகத்தைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள்.

மகள் நிவேதிதா பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கவேண்டிய கடைசி நாளில்தான் சரசாவுக்கு அது உறைத்தது. தளம் 'நீங்கள் மனிதர்தானா?' என்று கேட்டது. பேருந்துகளைத் தொட்டாள், படிக்கட்டுகளைத் தொட்டாள். அதற்கு நம்பிக்கை வரவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் அதே கதை. நிவேதிதா அம்மா ஜாடை, அவளையும் விடவில்லை. மாலையோடு தளம் மூடிவிடும். பெண் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தாள். சரசா எழுந்து போனாள். சுவரிலிருந்து வந்த ஒன்றின் கையைப் பிடித்தாள்.

"என்னையும் இட்டுகினு போ."

அது வந்த வழியே திரும்பியது. சுவரைத் தாண்டி சென்னீர்குப்பத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் வெளியே வந்தார்கள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து "வாங்க" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். சரசா குடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தோடு வாசலைத் தாண்டினாள். கலந்தாய்வுத் தளம் வணக்கம் சொல்லி உள்ளே விட்டது.

நிவேதிதாவுக்கு இடம் கிடைத்தது. சரசாவுக்குத் தன் முகம் திரும்பவில்லை. ரேஷன் கடையில் கொஞ்சம் யோசித்தார்கள், கைரேகை பொருந்தியதும் அரிசி போட்டார்கள். ஏகாம்பரத்துக்குக் குழம்பு மாறவில்லை, அது போதும். சுவரிலிருந்து வருபவர்கள் இன்னும் அந்தப் பழைய முகத்தோடுதான் போகிறார்கள். தன்னைப் பார்க்கவேண்டும்போல் இருந்தால் சரசா வாசலில் போய் நின்றுகொள்வாள்.