கடைசிக் குழாய்

என் அத்தை ஐந்து முறை சட்டமன்றத் தேர்தலில் நின்றவர். முதல் முறை சுயேச்சையாக நின்று டெபாசிட் போயிற்று. இரண்டாம் முறை டெபாசிட் மட்டும் தப்பியது. அடுத்த இரண்டு முறையும் வென்று பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்தார். ஐந்தாம் முறை, சென்ற வாரம், மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். இவ்வளவையும் தேர்தல் அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கே கிடைக்காத ஒன்றை எழுத முயல்கிறேன். கதை எழுதிப் பழக்கமில்லாதவள். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

அரசியலுக்கு வருமுன் அத்தை நகராட்சி நீரேற்று நிலையத்தில் வால்வு திறந்து மூடும் பணியில் இருந்தார். ஊருக்கு அவர் 'வால்வு அக்கா'. முதல் தேர்தலில் எதிரணிப் பேச்சாளர் ஒருவர், "வால்வைத் திறக்கத் தெரிஞ்சவங்களுக்குச் சட்டசபையில வாயத் திறக்கத் தெரியுமா?" என்று மேடையில் கேலி செய்தார். அத்தை அடுத்த தெருமுனையில் நின்று, "தெரியும்ணே. எப்ப மூடணும்னும் தெரியும், அதுதான் உங்களுக்குத் தெரியல" என்றாராம். பலத்த கைதட்டல் கிடைத்தது. வாக்குதான் கிடைக்கவில்லை.

குழாய்ப் பணியில் ஒரு வழக்கம் உண்டு. நீரைத் திறந்துவிட்டபின் தொட்டிக்கு அருகிலுள்ள வீட்டுக்குப் போகமாட்டார்கள். வரிசையின் கடைசி வீட்டுக் குழாயைத்தான் திருகிப் பார்ப்பார்கள். அங்கே வந்துவிட்டால் எல்லோருக்கும் வந்தாயிற்று என்று பொருள். அத்தை அதைத் தேர்தலுக்கும் கொண்டுவந்துவிட்டார். வென்றாலும் தோற்றாலும், தமக்கு மிகக் குறைவாக வாக்களித்த தெருவுக்கே முதலில் போவார். "எம்மேல என்ன கோவம்?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார். வயிறு நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவார். திட்டிய தெருவுக்கு அடுத்த சில ஆண்டுகளில் ஒரு பாலமோ பேருந்தோ வந்து சேரும்.

இம்முறை அந்தப் பயணத்துக்கு வேறொரு கனமும் இருந்தது. கட்சி அவருக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி தருவதாகச் சொல்லியிருந்தது. கார் உண்டு, அறை உண்டு, தேர்தல் இல்லை. பதிலுக்குத் தொகுதியைக் கட்சித் தலைவரின் மருமகனுக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"கடைசிக் குழாயப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அத்தை.

"பேசாம ஒத்துக்கோயேன். எனக்கும் கார்ல போகணும்னு ஆசை இருக்காதா?" என்றார் மாமா. பட்டறையில் கடைசல் பிடித்து ஓய்வு பெற்றவர். ஐந்து தேர்தலிலும் சுவரொட்டிக்குப் பசை கிண்டியவர்.

"ஆசை எனக்கும்தான் இருக்கு. முட்டி வலிக்குது" என்றார் அத்தை. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று அவர் ஒத்துக்கொண்டுவிடுவார் என்றே அஞ்சினேன்.

வாக்குச்சாவடிக் கணக்கைப் பார்ப்பவர் அத்தையின் முகவர். எதைக் கேட்டாலும் விரலை மடக்கிக் கூட்டத் தொடங்கிவிடுவதால் அவருக்குக் 'கூட்டல்' என்று பெயர். "இந்தத் தடவை ஓட்டுல வாலு அச்சகத் தெருதான்க்கா. ரொம்ப மோசம்" என்று அவர் சொல்ல, நால்வரும் புறப்பட்டோம். அத்தையின் பையை நான் தூக்கிக்கொண்டேன்.

முதல் வாசலில் புத்தகம் தைக்கும் பைண்டர் அம்மாள், கையில் காயாத பசையோடு வந்து நின்றார். அத்தை கைகூப்பி, "எம்மேல என்ன கோவம்மா?" என்றார்.

"கோவமா? எனக்கா?"

"மனசுல இருக்கறதத் தாராளமா சொல்லுங்க. ஓட்டு போடாததுக்கு ஒரு காரணம் இருக்குமில்ல?"

பைண்டர் அம்மாளின் முகம் சிவந்துவிட்டது. "யாரு போடல? கால் கடுக்க வரிசையில நின்னு, எங்க வீட்டுக்காரரையும் இழுத்துட்டுப் போயி போட்டுட்டு வந்திருக்கேன். வாசல்ல வந்து இப்படிக் கேக்கறீங்களே, நல்லா இருக்கா?"

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுத் தையற்காரர், "எங்க தெருவுல ஒரு ஓட்டுகூட வெளிய போகலையேக்கா!" என்று பதறினார்.

அத்தை மெல்லத் திரும்பிக் கூட்டலைப் பார்த்தார். கூட்டல் கைப்பேசியைத் தடவினார், விரல் மடக்கினார், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் மராமத்து நடந்ததால் இம்முறை இரண்டு சாவடிகளின் அறைகளை மாற்றியிருந்தார்கள். அவரோ பழைய அறைப் பழக்கத்திலேயே கணக்கைப் படித்திருக்கிறார். மிகக் குறைந்த வாக்கு பணிமனைக் குடியிருப்பினுடையது. அச்சகத் தெருதான் தொகுதியிலேயே அதிக வாக்கு அளித்த தெரு.

"உன்னைய நம்பி நான் பசை கிண்டினேன் பாரு" என்றார் மாமா. தெருவே சிரித்தது.

அத்தையும் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, கிளம்பத் திரும்பினார். பைண்டர் அம்மாள் சிரிக்கவில்லை.

"இருங்க. வழி தவறியாவது வந்தீங்களே. பத்து வருஷத்துல இந்தத் தெருப்பக்கம் எத்தன தடவ வந்திருக்கீங்க?"

அத்தை மறுபடியும் வாசற்படிக்கு வந்தார்.

"போடாதவங்க வீட்டுக்கெல்லாம் தேடித் தேடிப் போறீங்க. நாங்க போட்டுக்கிட்டே இருந்ததுனால உங்க கண்ணுல படவே இல்ல. உள்ள வந்து எங்க குழாயத் திறந்து பாருங்க."

அத்தை உள்ளே போனார். சமையலறைக் குழாயைத் திருகினார். காற்று சீறியது, பிறகு நூல்போல ஒரு ஒழுக்கு. அவர் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் நெடுநேரம் நின்றார்.

"தொட்டிக்குப் பக்கத்துத் தெரும்மா இது. இங்க அழுத்தம் பொங்கணும்" என்றார் தாழ்ந்த குரலில். "கடைசித் தெருவுக்குத் தண்ணி ஏறணும்னு இந்தப் பக்கத்து வால்வைப் பாதி மூடச் சொன்னதே நான்தான். மெயின் குழாயப் பெருசு பண்ணினதும் திறந்துடலாம்னு நெனச்சேன். அதுக்கப்புறம் இங்க வந்து பாக்கவே இல்ல. இப்படித் தண்ணி வராமலா எனக்கு ஓட்டு போட்டீங்க?"

"வேற யாருக்குப் போடறது? அவங்களுக்கு வால்வு எங்க இருக்குன்னே தெரியாதே" என்றார் பைண்டர் அம்மாள். கோபம் குறைந்திருக்கவில்லை, ஆயினும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அத்தை அமர்ந்தார். வலிக்கும் முட்டியைத் தேய்த்தபடி என்னிடம் கைப்பேசியைக் கேட்டு வாங்கிக் கட்சி அலுவலகத்தை அழைத்தார்.

"வணக்கம் தம்பி. தலைவர்கிட்ட சொல்லிடுங்க, வாரியம் வேண்டாம். இல்ல இல்ல, கோவமெல்லாம் இல்ல. தொகுதியில வேலை பாக்கி இருக்கு. மருமகன் நிக்கணும்னா நிக்கட்டும். நானும் நிப்பேன். கட்சி சீட்டு குடுக்கலேன்னா முதல் தடவ நின்ன மாதிரி நிப்பேன்."

முதல் தடவை என்பது டெபாசிட் போன தடவை என்பதை அங்கிருந்த எல்லோரும் அறிவார்கள்.

"போச்சுடா, கார்" என்று மாமா பெருமூச்சு விட்டார். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

"நாளைக்குக் காலையில குடிநீர் ஆபீசுல போய் உக்காரப்போறேன்" என்றார் அத்தை. "பதவி இல்லாதவள எவ்வளவு நேரம் காக்க வைக்கிறாங்கன்னு பாப்போம். நீங்களும் வாங்கம்மா. உங்க சத்தம் எனக்கு வராது."

"பைண்டிங் வேலை கிடக்கே."

"கையோட கொண்டு வாங்க. அங்க உக்காந்து தைக்கலாம். எப்படியும் நேரமாகும்."

பைண்டர் அம்மாள் அப்போதுதான் சிரித்தார்.

வெளியே வந்ததும் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு பணிமனைக் குடியிருப்பு இருக்கும் திசையில் நடக்கத் தொடங்கினார்.

"அங்கயுமா? இன்னிக்கு வாங்கினது போதாதா?" என்றார் மாமா.

"இது போட்டவங்க திட்டு. போடாதவங்க திட்டு இன்னும் பாக்கி இருக்குல்ல" என்றார் அத்தை. கூட்டல் முன்னால் ஓடி, சரியான தெருதானா என்று பெயர்ப்பலகையை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையசைத்தார்.