தலைக்கு ஒரு பங்கு

பைண்டிங் பிரிவை மூடும் நோட்டீஸ் நாலு மணிக்கு ஒட்டப்படும். இப்போது மணி மூன்று இருபது.

அச்சகத்தில் கணக்கு எழுதும் அவள் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். பைண்டிங்கில் முப்பத்திரண்டு பெண்கள். அவர்களை மேய்ப்பது அவளுடைய சொந்த அக்கா.

அந்தப் பிரிவு நஷ்டம் என்று சொன்னதே அவள் கணக்குதான். வாடகை, கரண்ட், ஜெனரேட்டர் டீசல், வாட்ச்மேன் சம்பளம் என்று எல்லாருக்கும் பொதுவான செலவை ஆறு வருஷமாகத் தலை எண்ணிப் பிரித்துவந்தாள். பைண்டிங்குக்கு முப்பத்திரண்டு பங்கு. மெஷின் ஹாலில் எட்டே ஆண்கள், எட்டே பங்கு.

இன்றைக்குத்தான் மெஷின் ஹாலின் தனி மீட்டரைப் பார்த்தாள். பத்தில் ஒன்பது பங்கு கரண்டை அதுதான் குடித்திருந்தது! ஊசியும் பசையுமாக உட்கார்ந்திருந்த பெண்கள் தலையில் அந்த ராட்சசனின் பில்.

முதலாளி அறைக்கு ஓடினாள்.

"சார், தப்பு என்னோடது. மீட்டர்படி பிரிச்சா பைண்டிங் லாபம். மெஷின்தான் நஷ்டம்."

அவர் தாளைத் தொடவே இல்லை. "இதைக் கண்டுபிடிக்க உனக்கு ஆறு வருஷமாம்மா?"

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"மெஷின் கடன்ல வாங்கினது. அது நஷ்டம்னு தெரிஞ்சா பேங்க்காரன் பூட்டு போட்டுடுவான். நாளைக்கு வர்றான். நஷ்டத்தை வெட்டிட்டேன்னு காட்டணும்."

"அவங்க போனாலும் வாடகை போகாதே சார்! மொத்தமும் மெஷின் மேல விழும். அடுத்த மாசம் அதுவும் படுத்துடும்."

"அடுத்த மாசம் அழலாம். இப்ப போ."

நாலு மணிக்கு நோட்டீஸோடு அவளுடைய பழைய கணக்குத் தாளையும் ஒட்டினார்கள். அக்கா விரல் வைத்துப் படித்தாள்.

"ஏன்டி, நூல் கோக்கவா இவ்வளவு டீசல் குடிச்சோம்?"

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"தப்புக்கா. தப்பாப் பிரிச்சுட்டேன்."

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. பேங்க்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

எழுதினால் நாளைக்கே பேங்க் மெஷின் ஹாலைப் பூட்டும். அந்த எட்டுப் பேரும் போவார்கள். அவள் நாற்காலியும் போகும்.

"குடுடி."

அக்கா நீட்டிய கையில் பசை காய்ந்து உரிந்திருந்தது. அவள் பேனாவை எடுக்கவில்லை. பெண்கள் சாப்பாட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு, அவள்மேல் படாமல் ஒதுங்கி ஒதுங்கி வெளியே போனார்கள்.