கிழக்குத் தெரு வள்ளிக்கு

பதினோரு வருஷமாக மேட்டுத்தாங்கலில் யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும் ஆதிலட்சுமிக்குத்தான் ஆள் ஓடி வரும். வெள்ளைப் புடவையைச் செருகிக்கொண்டு, தோலுறை போட்ட பெட்டியோடு அவள் தெருவில் நடந்தால், மாட்டை ஓட்டிப் போகிறவன்கூட ஒதுங்கி வழிவிடுவான். அந்தப் பெருமைக்கு 1982-ஆம் வருஷம் தை மாதத்தில் பங்கு கேட்க ஒருத்தி வந்து சேர்ந்தாள். பெயர் வள்ளி, வயது இருபத்து மூன்று.

ஊர் பெருத்துவிட்டது, ஒரு நர்ஸ் போதாது என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். ஏரிக்கரைச் சாலையை எல்லையாக வைத்து கீழ்பென்னாத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மேற்குத் தெருக்கள் ஆதிலட்சுமிக்கு. கிழக்குத் தெரு வள்ளிக்கு.

கிழக்குத் தெருவில்தான் நசீர் அகமது வீடு இருந்தது. மாட்டுக் கயிறு, சலங்கை, மூக்கணாங்கயிறு வியாபாரத்தில் மூன்று தலைமுறையாகப் பேர் போன குடும்பம். அந்த வீட்டின் நான்கு பிரசவங்களை ஆதிலட்சுமி பார்த்திருக்கிறாள். நசீரின் மனைவி ஹபீபுன்னிசா பக்ரீத்துக்கும் ரம்ஜானுக்கும் அவளுக்கென்று தனித் தூக்கில் சேமியா அனுப்புவாள். இந்த ரம்ஜானுக்கு இரண்டு தூக்கு வந்தது. ஒன்று ஆதிலட்சுமிக்கு, ஒன்று வள்ளிக்கு. இரண்டும் ஒரே அளவு. அன்றைக்கு ஆதிலட்சுமிக்குச் சேமியா இறங்கவில்லை.

போதாக்குறைக்கு வள்ளியின் வேலை முறை வேறு. கர்ப்பிணிகளின் வயிற்றை அங்குல டேப்பால் அளந்தாள். அளந்ததைக் கார்டில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தந்த வீட்டிலேயே கொடுத்து வைத்தாள்.

"வயித்துக்கு டேப்பு வெச்சு அளக்கறாளாம்! ஜாக்கெட்டா தெச்சுக் குடுக்கப் போறா?" என்று குழாயடியில் ஆதிலட்சுமி கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் மறுநாள் வள்ளியிடம் போய் அளந்துகொண்டார்கள்.

ஐப்பசியில், டாக்டர் நடத்தும் நர்ஸ்களின் மாதக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வள்ளி பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நசீர் பாய் மருமக ஜஹானாராவ ஒரு தரம் தொட்டுப் பாக்கறீங்களா? எனக்கு ஒரு சந்தேகம்..."

"ஏம்மா, டேப்பு சொல்லலியா?"

"அதுக்கில்லக்கா. உங்க கை அனுபவம்..."

"ஏரிக்கு அந்தண்ட உன் ராஜ்யம். நான் வந்தா, பெரிய நர்சு மூக்கை நுழைக்கறான்னு நீயே சொல்லுவ."

வள்ளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். ஆதிலட்சுமிக்கு அன்று இரண்டு வாய் சோறு கூடவே இறங்கியது.

கார்த்திகை தீபம் நெருங்கியது. ஒவ்வொரு வருஷமும் திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்கு முதலுதவிப் பந்தல் போடுவார்கள். சுற்று வட்டார நர்ஸ்களில் சிலர் மூன்று நாள் அங்கே டூட்டி பார்க்க வேண்டும். ஆதிலட்சுமி தவறாமல் போகிறவள். இந்த வருஷம் அவள் சுகாதார இன்ஸ்பெக்டர் சகாதேவனிடம் முழங்காலைத் தடவிக் காட்டினாள்.

"சார், மூட்டு வலி ஜாஸ்தியா இருக்குது. சின்னப் பொண்ணு வள்ளியப் போடுங்களேன். நாலு இடம் பழகட்டும்."

சகாதேவன் பட்டியலில் பேரை மாற்றினார். மூட்டு வலியெல்லாம் ஒன்றுமில்லை. வள்ளி இல்லாத மூன்று நாளில் கிழக்குத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கி, விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். ஜஹானாராவுக்கு நாள் இன்னும் மூன்று வாரம் இருந்ததால் நசீர் வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

ஆனால் கடைசி நாளான தீபத்தன்று பிற்பகல் இரண்டு மணிக்கே ஹபீபுன்னிசாவின் வேலைக்காரி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"நர்சம்மா, ஜஹானாராம்மாவுக்குப் பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு!"

ஆதிலட்சுமிக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைச் சாலையை அவள் தாண்டிய வேகத்தைப் பார்த்தால், மூட்டு வலி என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் ஆண்கள் ஒருவர்கூட இல்லை. நசீர் அகமதுவும் மகன் சாந்த் பாஷாவும் தீபத்து மாட்டுச் சந்தையில் கடை போட வண்டியோடு போய்விட்டார்கள். ஊரில் மற்ற வண்டிகளும் அங்கேதான்.

"சின்ன நர்சு டவுன் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடணும்னு சொல்லிச்சும்மா," என்று கையைப் பிசைந்தாள் ஹபீபுன்னிசா. "தீபம் முடிஞ்சதும் போலாம்னு இருந்தோம். இப்ப இன்னா பண்றது?"

"அது பயந்த பொண்ணு, பாயம்மா. எதுக்கெடுத்தாலும் ஆஸ்பத்திரி. நான் இருக்கறன் இல்ல?"

வலிக்கு நடுவில் ஜஹானாரா தலையணைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை இழுத்து நீட்டினாள். "கார்டு... சின்ன நர்சு... யார் வந்தாலும் காட்டச் சொன்னாங்க..."

"கார்டா புள்ள பெறப் போவுது? அந்தண்ட வெய்யி!"

ஆதிலட்சுமி வயிற்றில் கை வைத்தாள். பாறையாக இறுகியிருந்தது. பெரிய குழந்தை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வேறு வீடாக இருந்தால் வலி தணியும்வரை காத்திருந்து இன்னொரு தரம் தடவிப் பார்த்திருப்பாள். இங்கே ஹபீபுன்னிசா பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம் தடவினால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும்.

அவளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கருப்பையை இறுக்கி மூட வைத்து ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி மருந்தை முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பாள். குழந்தை வெளியே வந்த கையோடு தொடையில் போட்டுவிடுவாள். அவள் பார்த்த பிரசவத்தில் ரத்தம் போய் யாரும் செத்ததில்லை என்ற பேர் அந்த ஊசியால் வந்தது.

நான்கு மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண். வீல் என்று அழுதது. தொப்புள் கொடியை வெட்டி, குழந்தையை ஹபீபுன்னிசாவின் கையில் கொடுத்துவிட்டு, ஆதிலட்சுமி ஊசியை எடுத்தாள். பஞ்சால் தொடையைத் துடைத்து ஊசி முனையைத் தோல்மேல் வைத்தும்விட்டாள்.

"யா அல்லா, இத்தினியூண்டா இருக்குதே!" என்றாள் ஹபீபுன்னிசா குழந்தையை ஏந்தியபடி. "அத்தாம் பெரிய வயித்துல இவ்ளோதானா புள்ள?"

ஆதிலட்சுமியின் கை அப்படியே நின்றது.

இடது கையை ஜஹானாராவின் வயிற்றில் வைத்தாள். தளர்ந்து தொப்புளுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டிய வயிறு மேலேயே நின்றது. அதற்குள் உருண்டையாக ஒன்று அவள் உள்ளங்கைக்கு அடியில் நகர்ந்தது.

இன்னொன்று.

ஊசி போயிருந்தால் அடுத்த சில நிமிஷத்தில் கருப்பை இறுகிப் பூட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் செத்திருக்கும். தாயும் தப்புவது கஷ்டம். ஆதிலட்சுமி ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"இன்னா நர்சம்மா? ஏன் போடல?"

"பாயம்மா, பேசாதீங்க. அந்தக் கொழந்தையத் துணியில சுத்திப் படுக்க வெச்சிட்டு இவ தோளப் புடிங்க. உள்ள இன்னொண்ணு கீது."

அடுத்து வந்தது தலையில்லை, கால். அவசரப்பட்டு இழுத்தால் தலை மாட்டிக்கொள்ளும். ஆதிலட்சுமி இழுக்கவில்லை. காத்திருந்தாள், வயிற்றைத் தாங்கினாள், ஜஹானாராவை அதட்டினாள், கெஞ்சினாள். இருபது நிமிஷம் கழித்து வந்த பெண் குழந்தை நீலமாக, சத்தமில்லாமல் கிடந்தது. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, தன் வாயை வைத்து ஊதினாள். நான்காவது ஊதலில் அது பூனைக்குட்டி மாதிரி முனகி, பிறகு அழுதது.

அதற்குப் பிறகுதான் ஊசி.

எல்லாம் கழுவித் துடைத்து முடித்து, சமையல்கட்டில் வெந்நீர் அடுப்பருகே தனியாக நின்றபோதுதான் கார்டைப் பிரித்தாள். வள்ளியின் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

'மாதத்துக்கு மீறிய வயிறு. இரண்டு இடத்தில் இதயத் துடிப்பு கேட்பது போல் இருக்கிறது. இரட்டையா? ஆதிலட்சுமி அக்கா கை வைத்துப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியும்.'

அடுப்பில் விறகு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. கார்டு பிரசவக் களேபரத்தில் தொலைந்தது என்றால் முடிந்தது. உறையின் ஓரம் சூட்டில் சுருளத் தொடங்கும்வரை அவள் கை அடுப்புக்குமேல் இருந்தது. பிறகு இழுத்துக்கொண்டாள். எரிக்கத் துணிவு இல்லையா, எரிக்க மனசு இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை நசீர் வீட்டுக் கூடத்தில் கூட்டம், நடுவில் ஆதிலட்சுமி. சந்தையிலிருந்து திரும்பிய சாந்த் பாஷா எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தான். தூக்கமில்லாத கண்ணோடு, பந்தல் டூட்டிக்காகக் கையில் கட்டிய முதலுதவிப் பட்டையைக்கூட அவிழ்க்காமல் வள்ளி உள்ளே வந்தாள். ஜஹானாரா அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். அந்த முகம் மலர்ந்த விதம் ஆதிலட்சுமிக்குச் சுருக்கென்று தைத்தது.

"வா வா, சின்ன நர்சு!" என்றாள் ஹபீபுன்னிசா. "நீ இல்லாம போய்ட்ட. நம்ம பெரிய நர்சம்மா கார்டும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. சும்மா கைய வெச்சாங்க, உள்ள இன்னொண்ணு இருக்குதுன்னு சொல்லிட்டாங்க!"

பத்து மாதமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினாளோ அது வந்துவிட்டது. அதுவும் வள்ளியின் முன்னால், ஊரே கேட்க.

வள்ளி ஆதிலட்சுமியைப் பார்த்தாள். "கார்டு பாக்கலியாக்கா?"

ஆதிலட்சுமியின் வாயில் சர்க்கரை கரையாமல் நின்றது.

"நேத்து குடுத்தாங்க, வாங்க மாட்டேன்னுட்டேன். ஊசிய எடுத்துத் தொடையில வெச்சிட்டேன் வள்ளி. பாயம்மா மட்டும் கொழந்த சின்னதா கீதுன்னு சொல்லலன்னா போட்டிருப்பேன்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "தீப டூட்டிக்கு உன் பேரைப் போடச் சொன்னதும் நான்தான். எனக்கு மூட்டு வலி ஒண்ணும் கெடையாது."

கூடத்தில் இருந்த மற்றவர்களுக்குப் பாதிதான் புரிந்தது. வள்ளிக்கு முழுக்கப் புரிந்தது.

"போட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"கூட்டத்துல டாக்டர்கிட்ட சொல்லுவேன்க்கா. என்னால சும்மா இருக்க முடியாது."

"சொல்லு."

வள்ளி அதற்குமேல் அவளைப் பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு ஜஹானாராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து நாடி பிடித்தாள். ஹபீபுன்னிசா சர்க்கரைத் தட்டை எடுத்துக்கொண்டு ஆதிலட்சுமியைத் தாண்டி வள்ளியிடம் போனாள்.

ஆதிலட்சுமி வெளியே வந்தாள். தெருவில் நடக்க நடக்க, நடந்த தப்பைவிட வேறொன்று அவளை அரித்தது. கூட்டம் இன்னும் பத்து நாள் கழித்து. அங்கே எல்லா நர்ஸ்களும் உட்கார்ந்திருக்க, வள்ளி எழுந்து நின்று, அந்த அச்சுக் கையெழுத்து மாதிரியே திருத்தமான குரலில், இதை எடுத்துச் சொல்வாள். எல்லாரும் வள்ளியையே பார்ப்பார்கள்.

அதை மட்டும் தாங்க முடியாது. கிழக்குத் தெருவை எடுத்துக்கொண்டாள், இருக்கட்டும். தன் தப்பைச் சொல்கிற வாயும் அவளுடையதாக இருக்கக் கூடாது.

வீட்டுப் பக்கம் திரும்பாமல் அவள் நேரே பஸ் ரோட்டுக்கு நடந்தாள். மலையிலிருந்து திரும்புகிற கூட்டத்தால் பிதுங்கிக்கொண்டு பஸ் வந்தது. கண்டக்டர் அப்பாசாமி தெரிந்தவர்.

"இன்னா நர்சம்மா, தீபம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க, நீங்க இப்பக் கெளம்பறீங்க?"

"கீழ்பென்னாத்தூர் ஒண்ணு குடுப்பா. டாக்டர் எத்தினி மணிக்கு வருவாருன்னு தெரியுமா?"

"பத்துக்கு வருவாரு. அவ்ளோ அவசரமா?"

"அவசரம்தான்," என்று சொல்லிவிட்டு, பின்னால் சைக்கிள் எதுவும் வருகிறதா என்று ஆதிலட்சுமி ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.