ட்ரோல்ஸ் வாங்கிய வெள்ளிக் கணினி

அந்த வெள்ளிநிற மடிக்கணினியைப் பார்த்தாலே ரிக்கேவுக்கு வயிறு எரிந்தது. ஆர்ஹுஸ் நகரில் அவளும் கல்லூரித் தோழன் ட்ரோல்ஸும் கூட்டாக நடத்தும் வடிவமைப்பு நிறுவனம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. இன்று பால் கூட்டுறவுச் சங்கத்தின் வேலை கிடைத்தால் தப்பும். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான். இந்த லட்சணத்தில்தான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நிறுவனப் பணத்தில் ட்ரோல்ஸ் அதை வாங்கிவந்திருந்தான். அது செய்கிற வேலையை அவளுடைய பழைய கறுப்புக் கணினியும் செய்யும். மீதி விலையெல்லாம் மினுக்குக்குத்தான்.

"பாதி விலைக்கு இதே வேகத்துல கிடைக்குமேடா," என்றாள் காரில்.

"பேசாம வா. ஆளைப் பாத்துதான் வேலை குடுப்பாங்க."

"ஆமா, துரைக்கு பந்தா வேணும்."

சங்கத் தலைவர் தோர்கில் சிரிக்கக்கூடக் கணக்குப் பார்க்கிற மனிதர். ஆறிப்போன காபியை ஊற்றிக் கொடுத்தார். வெண்ணெய் டப்பாவுக்கு வரைந்திருந்த படங்களை ட்ரோல்ஸ் ஒவ்வொன்றாகக் காட்டினான். தோர்கில் படத்தைப் பார்க்கவில்லை, கணினியைத்தான் பார்த்தார்.

"தம்பி, இது என்ன விலை?"

ஆர்ஹுஸ் இருக்கும் யூட்லாண்டுப் பக்கம் வளர்ந்தவன் எவனும் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பான். உசத்தியாகக் காட்டிக்கொள்பவனை அங்கே யாருக்கும் ஆகாது. ட்ரோல்ஸோ தலைநகரான கோபன்ஹேகன்காரன்.

"முப்பதாயிரம் குரோனருங்க. நாங்க தரத்துல சமரசம் பண்றதில்ல," என்றான் பெருமையாக.

"அப்ப அந்தக் காசுக்கு எங்க தலையில மொளகா அரைக்கப் போறீங்க."

ட்ரோல்ஸின் முகம் சிவந்தது. ரிக்கேவுக்கு உள்ளம் குளிர்ந்தது. வேலை கைவிட்டுப் போகிறதே என்பதுகூட அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. பையிலிருந்து தன் கணினியை வேண்டுமென்றே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான் இதுலதாங்க வேலை செய்யறேன். வெண்ணெய் டப்பா வரைய இது தாராளம்."

"அது யார் காசுல வாங்கினது?" தோர்கில் வெள்ளிக் கணினியைக் காட்டினார்.

"ரெண்டு பேர் காசுலதான். என்னைக் கேக்கவே இல்ல."

"தெரிஞ்சப்புறம் நீ என்னம்மா செஞ்ச?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைத் தவிர அவள் எதுவும் செய்திருக்கவில்லை.

"திருப்பிக் குடுக்கச் சொல்லல நீ," என்றார் தோர்கில். "இங்க வந்து அவனைக் காட்டிக்குடுக்க மட்டும் தெரியுது. உன் காசையே காப்பாத்தத் தெரியாதவ, எங்க காசை எங்க காப்பாத்தப் போற?"

தோர்கில் எழுந்து போய், இருவருக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவிட்டார்.