பந்தக்கால் குழியில் கிடைத்த சாவி

மெர்லிமா ஊருக்கு உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவிலில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் புவனேஷின் கடப்பாறை மண்ணுக்குள் இரும்பில் மோதி நின்றது. திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மூங்கிலில் நட்டுவந்த பந்தக்காலை, இனி இரும்புக் குழாயாகச் சிமெண்டு போட்டு நிலையாக நிறுத்திவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. ஆகையால் வழக்கமான இரண்டடிக்குப் பதிலாக நான்கடிக் குழி. கட்டுமான வேலையை ஏற்றிருந்த புவனேஷ் குனிந்து எடுத்தது ஒரு சாவி. கைவிரல் அளவு நீளம், தடித்த தண்டு, வளையம் போன்ற தலை. தலைக்கு அடியில் தண்டோடு இருபது சென் காசு ஒன்று துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது.

கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவுப் பணிக்கு வந்திருந்த முப்பது பேரும் குழியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் மூத்தவளான குஞ்சம்மா மட்டும் இரண்டடி பின்வாங்கினாள். கோவிலுக்குப் பின்னால் இருக்கும் முனியாண்டிக்குப் பூட்டு வேண்டுதல் உண்டு. பொய் வழக்குப் போட்டவன், வீண் பழி சொன்னவன் ஆகியோரின் வாயைக் கட்டச் சொல்லி, முனியாண்டியின் சங்கிலியில் ஒரு பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை மண்ணில் புதைத்துவிடுவார்கள். அந்தச் சாவியைத் தோண்டி எடுப்பவன் தலையில் அந்தப் பகை விடியும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

"யாரு வாயக் கட்டுனதோ, தெரியல. போட்டு மூடுலா," என்றாள் குஞ்சம்மா. புவனேஷ் சாவியை மண்மேட்டில் வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். கோவில் தலைவர் வீரமுத்துவும் அதுவே சரி என்றார். மாலை நான்கு மணிக்குச் சிமெண்டு லாரி வரும். சூடம் காட்டிச் சாவியைக் குழிக்குள்ளேயே போட்டுவிடலாம் என்று தீர்ப்பும் வழங்கினார்.

குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்த மோகனா எழுந்து வந்து, ஈரக் கையோடு சாவியை எடுத்தாள். பத்து பெரண்டாம் என்னும் ஊரில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். பழுதான பொருள் ஒன்று கைக்கு வந்தால், அது எங்கே பழுதானது என்று கண்டுபிடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டாள் என்று அங்கே பெயர்.

அவளுடைய தந்தை சாமிக்கண்ணு இதே கோவிலில் சாவி வைத்திருந்தவர். அம்மனின் வெள்ளிக் கவசம் இருக்கும் அறைக்கு அந்தச் சாவி. ஆண்டுக்கு ஒரு முறை, திருவிழாவன்றுதான் அந்த அறையைத் திறப்பார்கள். பந்தக்கால் நடும் நாளில் சாவியைத் தாம்பாளத்தில், நவதானியத்துக்கும் மஞ்சளுக்கும் காசுகளுக்கும் நடுவில் வைத்துப் பூசை செய்வது வழக்கம். பூசை முடிந்ததும் சாவியை அவர் எடுத்துக்கொள்ள, மற்றவற்றைச் செயலாளர் குழியில் கவிழ்ப்பார். கவிழ்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மண்ணுக்குக் கொடுப்பதை மனிதர் பார்க்கலாகாது. 1991ஆம் ஆண்டு கவிழ்த்தவர், அப்போது முப்பது வயதில் புதிதாகச் செயலாளர் ஆகியிருந்த வீரமுத்து.

பந்தக்கால் நட்ட ஒன்பதாம் நாள், திருவிழாக் காலையில், சாவியைக் காணவில்லை. தாம்பாளத்தில் வைத்தேன், பிறகு எடுத்தேனா என்று நினைவில்லை, குழியைத் தோண்டிப் பாருங்கள் என்று சாமிக்கண்ணு கெஞ்சினார். காப்புக் கட்டிய பிறகு பந்தக்காலை அசைக்கக் கூடாது என்றார்கள். கடப்பாறையால் கொண்டியைப் பெயர்த்து அறையைத் திறந்தார்கள். நிர்வாகத்தில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில் அவரே சாவியை ஒளித்துவிட்டார் என்று யாரோ சொல்ல, அதை வீரமுத்து ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்து, அவரைக் கோவில் பொறுப்பிலிருந்து நீக்கினார். விசாரணை என்பது ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. திருவிழா முடிந்து குழியை மூடியபோது அதற்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதன்பின் இருபத்து மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்த சாமிக்கண்ணு, கோவில் வாசலை மிதிக்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

மோகனா சாவியை வீரமுத்துவிடம் நீட்டினாள்.

"மாமா, முனியாண்டிக்குப் பொதைக்கிற சாவியோட யாராச்சும் காசு போடுவாங்களா?"

"காசு எங்கிருந்தாச்சும் விழுந்திருக்கும்மா."

"நாலடி ஆழத்துக்கா? இந்த எடத்துல நாலடி தோண்டுனது ஒரே ஒரு வருசந்தான். ஊரே அண்ணாந்து பாக்கணும்னு நீங்க இருவதடி மரம் நட்ட வருசம்."

வீரமுத்து வெற்றிலையை மெதுவாக மென்றார். நான்கு மணிவரை சாவியை அவளே வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் குழிக்குள் போயாக வேண்டும், நாலரைக்கு ராகு காலம் என்றார். தந்தை விட்டுச்சென்ற பழைய பூட்டுக்குப் பொருந்தவில்லை என்றால் தன் கையாலேயே போடுவதாக மோகனா ஒப்புக்கொண்டாள்.

1991இல் கொண்டியைத்தான் பெயர்த்தார்களே தவிர, பூட்டு பூட்டியபடியே கழன்று வந்தது. நீயே வைத்துக்கொள் என்று அன்று அதைச் சாமிக்கண்ணுவின் காலடியில் எறிந்திருந்தார்கள். அவர் அதை ஒரு வேட்டித் துண்டில் சுற்றி வைத்து, ஆண்டுதோறும் பந்தக்கால் நடும் நாளில் துவாரத்தில் எண்ணெய் விட்டார். அவருக்குப் பின் மோகனா விட்டாள். எதற்கு என்று கணவர் கேட்டபோதெல்லாம், சாவி வரும் என்று மட்டும் சொன்னாள்.

காரில் பத்து பெரண்டாமில் உள்ள தன் வீட்டுக்குப் போய்ப் பூட்டை எடுத்துக்கொண்டு, பகல் ஒன்றரை மணிக்கு மெர்லிமாவில் ஜைனுதீனின் இரும்புச் சாமான் கடைக்கு வந்து சேர்ந்தாள். கவச அறைக்கு அந்தப் பூட்டை விற்றது அவருடைய தந்தைதான். ஜைனுதீன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பூட்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"திண்டுக்கல் பூட்டு, தங்கச்சி. கையால செஞ்சது. இதுக்குன்னு ராவுன சாவியத் தவிர வேற எதுக்கும் மசியாது."

சாவியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காசு பிரியாதபடி, பல்லில் இருந்த துருவை மட்டும் பித்தளைத் தூரிகையால் தேய்த்தார். தண்டு பாதியாக அரித்திருந்தது. திருகினால் உள்ளேயே முறிந்துபோகலாம் என்றும், அதே அளவில் புதுச்சாவி ஒன்று ராவித் திறந்து பார்ப்பது நல்லது என்றும் சொன்னார். மோகனா மறுத்துவிட்டாள். புதுச்சாவி திறந்தால் அது ஜைனுதீனின் கைத்திறமைக்குச் சான்றாகுமே ஒழிய, தன் தந்தைக்குச் சான்றாகாது. சரி, இங்கேயே மெல்லத் திருப்பிப் பார்க்கலாம் என்றதற்கும் இணங்கவில்லை.

"ஒரு வாட்டிதான் திரும்பும்னா, அது அங்க திரும்பட்டும் பாய். நீங்களும் வரணும்."

ஜைனுதீன் கடைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

கோவிலை அடைந்தபோது மணி நான்கு ஆகப் பத்து நிமிடம். லாரி முன்னதாகவே வந்து, சிமெண்டுக் கலவையைச் சுழற்றிக்கொண்டு நின்றது. சூடமும் தாம்பாளமும் தயாராக இருந்தன. பூட்டைக் கண்டதும் வீரமுத்துவின் முகம் மாறியது. அதை எறிந்த கை அவருடையதுதான்.

ஜைனுதீன் பூட்டு எந்தக் கடையில் வாங்கியது, எத்தகையது என்பதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தான் திருப்பினால் கடைக்காரன் வித்தை என்பார்கள் என்று காரில் வரும்போதே சொல்லியிருந்தார். மோகனாவும் திருப்பவில்லை. பூட்டையும் சாவியையும் வீரமுத்துவின் முன் நீட்டினாள்.

"நீங்க தெறங்க மாமா. நான் தெறந்தா ஏதோ பண்ணிட்டேம்பீங்க."

"வயசான கை, நடுங்கும்மா."

"அன்னிக்கி நடுங்கலயே," என்றாள் குஞ்சம்மா, பின்னாலிருந்து. காலையில் மூடச் சொன்னவள் அவளேதான்.

வீரமுத்து சாவியை நுழைத்தார். பாதிவரை போய் நின்றது. எடுத்து, துடைத்து, மறுபடி நுழைத்தார். இம்முறை அடிவரை இறங்கியது. திருப்பினார், அசையவில்லை. மோகனா தண்டையே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். முப்பத்து நான்கு ஆண்டு எண்ணெய் குடித்த நெம்புகோல்கள் உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக விலக, பூட்டின் வளைவு தானாக மேலெழுந்தது.

வீரமுத்து திறந்த பூட்டையும், சாவியில் ஒட்டியிருந்த காசையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மோகனாவுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்.

"காசு விழுந்த சத்தம்னு நெனச்சேன் தாயி. மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தேன்."

"என்கிட்ட சொல்ல வேணாம் மாமா. அன்னிக்கி மைக்குலதான சொன்னீங்க."

பக்திப் பாடல் ஓடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியைப் புவனேஷ் போய் நிறுத்தினான். வீரமுத்து மைக்கைப் பிடித்தார். சாமிக்கண்ணு சாவியை ஒளிக்கவில்லை என்றும், அதைத் தாம்பாளத்தோடு குழியில் கவிழ்த்தவன் தானே என்றும், அவர் சொன்னதைக் கேட்டுத் தோண்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். செம்பனைக் காட்டுக்கு அப்பால் இருக்கும் வீடுகளிலும் அது கேட்டிருக்கும்.

நாலேகாலுக்குப் பூசை நடந்தது. இம்முறை தாம்பாளத்தைச் செயலாளருக்குப் பதிலாகத் தலைவர் கையில் கொடுத்தார்கள். வீரமுத்து அதைக் குழிக்கு நேரே பிடித்தார், முகத்தைத் திருப்பவில்லை. தானியத்தை விரலால் விலக்கி, அடியில் வேறொன்றும் இல்லை என்று கண்டபிறகே கவிழ்த்தார். பார்க்கலாகாது என்று எவரும் சொல்லவில்லை.

மோகனா அதை நின்று பார்க்கவில்லை. கவச அறைக் கதவில் தொங்கிய புதுப்பூட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, தந்தையின் பூட்டைக் கொண்டியில் மாட்டி அழுத்தினாள். சாவி எங்கே இருக்கும் என்று வீரமுத்து பின்னால் வந்து கேட்டபோது, அதைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"எங்கிட்ட இருக்கும் மாமா. திருவிழாவன்னிக்கி விடியக்காலைல வந்து நானே தெறக்கறேன்."