முன் ஜன்னலுக்கு வந்த தொட்டி

அந்தத் தெருவில் அவருக்குக் கொசுக்காரர் என்றுதான் பெயர். கொசு ஒழிப்புப் பிரிவில் வேலை. டார்ச்சும் நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியுமாக வீடு வீடாகப் போவார். தேங்கிய தண்ணீரை மொண்டு பார்ப்பார். ஒரே ஒரு புழு நெளிந்தாலும் போச்சு, வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் கவிழ்த்துவிடுவார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஆசை ஆசையாக வளர்த்த அல்லித் தொட்டிகூட அவர் கையால்தான் காலியானது. தன் தெருவில் கொசு இல்லை என்பதில் அவருக்கு அத்தனை கர்வம்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டிலேயே ஒரு குட்டை இருந்தது.

கைங்கரியம் மனைவியுடையது. செல்போன் பழுது பார்ப்பவள், முன்னறைதான் கடை. உடைந்த ஷோகேஸ் கண்ணாடியை அறுத்து, பசை போட்டு ஒட்டி, குளத்துத் தண்ணீரும் பாசியும் கொஞ்சம் சேறும் விட்டு ஒரு தொட்டி செய்துவிட்டாள். கை ஓய்ந்த நேரத்தில் ஒரு சொட்டை எடுத்து, போன் போர்டு பார்க்கிற மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தால், பக்கத்துத் திரையில் ஒரு ஊரே திரியும். சாப்பாட்டையும் மறந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஊர்த் தண்ணியெல்லாம் கொட்டிட்டு வர்றேன். என் மானத்த வாங்கவே இத வச்சிருக்கியா?"

"ஒரு தடவ குனிஞ்சு பாருங்களேன். அப்புறம் திட்டுங்க."

அவர் குனியவில்லை. போனால் போகிறதென்று பின்னறையில் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போனது.

பழுதுக்குக் கொடுத்த போனை வாங்க வந்த தையல்காரம்மா, திரை விலகிய நேரமாகப் பார்த்துத் தொலைத்தார். மறுநாளே சூப்பர்வைசர் வாசலில் நின்றார். கூடவே தையல்காரம்மா.

"என்னய்யா, உன் வீட்டுலயே தேக்கி வச்சிருக்கியாமே? புழு இருந்தா கொட்டிடணும். ஆபீஸுக்கும் நான் சொல்லியாகணும்."

"இப்பவே கொட்டிடறேன் சார்" என்று தொட்டியில் கை வைத்தவரை மனைவி மறித்தாள்.

"எல்லா வீட்டுலயும் பாத்துட்டுத்தானே கொட்டுறீங்க? என் தொட்டிக்கு மட்டும் அந்த மரியாதை இல்லையா?"

சுருக்கென்றது. கரண்டியை எடுத்தார். டார்ச் அடித்தார். தண்ணீர்மேல் கரித்துணுக்கு மாதிரி மிதந்தன, கொசு முட்டைக் கொத்துகள். விரலால் அமுக்கி மறைத்திருக்கலாம். தொழில் விடவில்லை.

"முட்டை இருக்கு சார். பொரிஞ்சும் இருக்கு. சிலது ரொம்பப் பழசு."

"நான் சொல்லல?" என்றார் தையல்காரம்மா. அல்லித் தொட்டி அவர் மனதைவிட்டுப் போகவில்லை.

பழசு என்றால் இந்நேரம் புழு கொழுத்துத் திரிய வேண்டும். மொண்டார். ஒன்றுமில்லை. மூலையில் மொண்டார், பாசியை ஒதுக்கி மொண்டார். மருந்துக்குக்கூட ஒரு புழு இல்லை.

"பொரிஞ்சதெல்லாம் எங்க போச்சு?"

மனைவி ஒரு சொட்டுக்குழாயால் அவர் கரண்டியிலிருந்தே கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள். மூவரும் பின்னாலேயே போனார்கள். அவள் சொட்டை வைத்தாள்.

திரையில், நெற்றியில் ஒற்றைக் கண்ணும் வால் பக்கம் இரண்டு முட்டைப் பைகளுமாக ஒரு பிராணி துள்ளியது. அதன் பிடியில் அன்றுதான் பொரிந்த, வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாத கொசுப்புழு. புழு உதறியது, பிடி விடவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, அது சாவகாசமாகத் தின்றது.

"இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்னமா வெளுத்துக் கட்டுது!" என்றார் தையல்காரம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, எனக்கு ஒரு பாட்டில் தருவியா? அல்லிய மறுபடி வச்சுப் பாக்கறேன்."

"வைங்கக்கா. வாரா வாரம் கரண்டியோட வருவேன்" என்றார் கொசுக்காரர்.

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். "புழு இல்லாத தண்ணிய எதுக்குய்யா கொட்டணும்? யாரு வளக்கறது இத?"

தெருவில் கொசு ஒழிக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று இருந்தவர், நெஞ்சை நிமிர்த்தினார்.

"என் வீட்டுக்காரி சார். தொட்டியும் அவளே செஞ்சதுதான்."

அவர்கள் போனதும் பின்னறைக்குப் போய்த் தொட்டியைத் தூக்கினார். மனைவி பதறி ஓடிவந்தாள்.

"எங்கங்க கொண்டுபோறீங்க?"

தளும்பாமல் கொண்டுவந்து, தெருவைப் பார்த்த முன் ஜன்னலில் வைத்தார். ஜன்னல் திரைச்சீலையை முழுசாக ஒதுக்கினார். பிறகு அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்து, மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்தார்.

"இன்னொரு சொட்டு வையேன்."